பிறவிக் குணமா, வளர்ப்பா? கதைமாந்தர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதை எழுதப் பழகுகிறவர்களோடு உட்கார்ந்து பேசும்போதெல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு வரும் கதைகளைப் படிக்காதவர்களும் இருப்பார்கள் என்பதால் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சில முடிவுகள் தெரிந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கதைமாந்தரின் குணம் பிறப்பால் வருகிறதா, வளர்ப்பாலா? நீங்கள் எந்தப் பக்கம்?

வளர்ப்பின் பக்கம். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிப் பதில்தான். கதைக்குள் இந்த இரண்டும் வருகிற வழியே வேறு. வளர்ப்பு, உடம்பில் ஊறிய பழக்கமாக வரும். ஒருவர் எந்த ஓரத்தில் உட்காருகிறார், பெரியவர் வந்தால் எழுந்திருக்கிறாரா, சோறு கேட்டு வாங்குவாரா, போட்டதைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவாரா என்று பக்கத்துக்குப் பக்கம் கசிந்துகொண்டே இருக்கும். பிறப்பு அப்படி வராது, அது ஒரு சேதியாக வரும். யாராவது வாயைத் திறந்து “நீ இன்னாருக்குப் பிறந்தவன்” என்று சொன்னால்தான் அது கதைக்குள் நுழையவே முடியும்.

அதனால் பிறப்பு இவனை எப்படி ஆக்கியது என்று நான் கேட்பதில்லை. அந்தச் சேதியை யார் சொன்னார்கள், எந்த நேரத்தில் சொன்னார்கள், சொல்லி எதைச் சாதிக்கப் பார்த்தார்கள் என்று கேட்கிறேன். இப்படிக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தது மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் கதை.

ஆபுத்திரன் கதை என்ன?

வாரணாசியில் அபஞ்சிகன் என்ற அந்தணனின் மனைவி சாலி. கற்பு தவறிவிட்டாள். கணவனுக்கு அஞ்சிக் குமரியில் நீராடத் தெற்கே நடந்து வருகிறாள். வழியில் குழந்தை பிறக்கிறது. ஒரு தோட்டத்தில் அதைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். அழுகிற குழந்தையை ஒரு பசு வந்து நாவால் நக்கி, ஏழு நாள் பால் கொடுத்துக் காக்கிறது. வயனங்கோட்டு அந்தணன் இளம்பூதி மனைவியோடு அந்த வழியே வருகிறான். “இது பசுவின் மகன் இல்லை, என் மகன்” என்று கண்ணீரோடு எடுத்துப் போகிறான். பூணூல் போட்டு, வேதம் சொல்லிக்கொடுத்து வளர்க்கிறான். பையன் நன்றாகப் படிக்கிறான். யாருக்கும் அவன்மேல் ஒரு குறையும் இல்லை.

ஒரு நாள் ஓர் அந்தணன் வீட்டில் வேள்விக்காகக் கட்டி வைத்திருக்கும் பசுவைப் பார்க்கிறான். கொம்பில் பூமாலை சுற்றியிருக்கிறது. வலைக்குள் மாட்டிய மான் மாதிரி அது அஞ்சிக் கதறுகிறது. இரவோடு இரவாக அதை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான். பிடித்துவிடுகிறார்கள், கோலால் அடிக்கிறார்கள். “இந்தப் பசு என்ன தப்பு செய்தது?” என்று அவன் கேட்கிறான். அவர்கள் வேதத்தைக் காட்ட, அவன் வாதத்தால் மடக்க, கடைசியில் “நீ பசுவின் மகன், அதற்கேற்ற புத்திதான் உனக்கு” என்கிறார்கள். அவன் பசுவுக்கும் மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்ததாகச் சொல்லப்படும் முனிவர்களை வரிசையாகச் சொல்லி, இவர்களை நீங்கள் கும்பிடுகிறீர்களே என்கிறான்.

அப்போதுதான் கூட்டத்தில் ஒருவன் எழுந்து, சாலி என்கிற பெண்ணை வழியில் பார்த்தேன், அவள் வாயாலேயே கதையைக் கேட்டேன் என்று எல்லாவற்றையும் அவிழ்க்கிறான். இவனைத் தொடாதீர்கள், இவன் புலைமகன் என்கிறான்.

அவனுக்கு இது எத்தனை காலமாகத் தெரியும்? பையன் பூணூல் போட்டுக்கொண்டபோதும் வேதம் ஓதியபோதும் இதைச் சொல்லவில்லை. அவர்களுக்குப் பிடிக்காத ஒரு காரியத்தை அவன் செய்து, வாதத்திலும் ஜெயித்துவிட்ட பிறகுதான் பிறப்பு வெளியே வருகிறது. குணம் முதலில் வந்துவிட்டது, பிறப்பு அப்புறம் அதற்குக் காரணமாக ஒட்டவைக்கப்படுகிறது. ஆபுத்திரன் என்ன செய்கிறான் தெரியுமா? சிரிக்கிறான். உங்கள் வசிட்டரும் அகத்தியரும் தேவலோகக் கணிகைக்குப் பிறந்தவர்கள்தானே, பிறகு “சாலிக்கு உண்டோ தவறு?” என்று கேட்கிறான். பார்த்தே இராத தாய்க்காகக் கேட்கிறான். படிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

கண்ணீரோடு எடுத்து வளர்த்த இளம்பூதியே அவனைக் கைவிட்டுவிடுகிறான். ஊரார் அவன் பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போடுகிறார்கள். மதுரைக்குப் போய், வீடு வீடாக வாங்கிய சோற்றைக் கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடமானவர், நோயாளிகள் எல்லாரையும் கூப்பிட்டு ஊட்டுகிறான். மிஞ்சியதைத் தின்றுவிட்டு, அந்தத் திருவோட்டையே தலைக்கு வைத்துத் தூங்குகிறான்.

பசுவின் பால் குடித்ததால்தான் பசுவைக் காப்பாற்றினான் என்று சொல்லலாமே?

சொல்லலாம். ஆனால் அதைச் சொல்கிறவர்கள் அவனை அடிக்கிறவர்கள் என்பதைக் கவனியுங்கள். அவன் சொல்லும் காரணம் வேறு. காட்டில் கிடக்கிற புல்லைத் தின்றுவிட்டு, உலகத்து மக்களுக்கெல்லாம் பிறந்த நாள் தொட்டுப் பால் தருகிறதே இந்தப் பசு, இதன்மேல் என்ன பகை என்கிறான். எனக்கு ஊட்டியது என்று சொல்லவில்லை, எல்லாருக்கும் என்கிறான். அவர்கள் வசவாக வீசிய சொல்லுக்கு முன்னாலேயே, ஊரில் எல்லாருமே ஒரு வகையில் பசு வளர்த்த பிள்ளைகள்தான் என்று சொல்லி முடித்துவிட்டான்.

மணிமேகலை? கணிகை வீட்டில் பிறந்து வளர்ந்தவள் துறவியானாளே. பிறப்பு, வளர்ப்பு இரண்டுமே அங்கே தோற்றுவிட்டது இல்லையா?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான். பாட்டி சித்திராபதி, குலத்தொழில் குலத்தொழில் என்று விடாமல் நிற்கிறாள். ஊர் பேசுகிறது, விழாவில் மாதவியும் மகளும் ஆட வரவில்லையே என்று. தோழி வசந்தமாலை வந்து இதைச் சொல்லும்போது மாதவி ஒரு பதில் சொல்கிறாள்: “மாபெரும் பத்தினி மகள் மணிமேகலை.” அதாவது கண்ணகியின் மகள். பெற்ற தாயே, என் மகள் இன்னொருத்தியின் மகள் என்கிறாள். பிறப்பு என்பது ஒருவர் சொல்லும் சேதி என்றேனே, அந்தச் சேதியையே ஒரு தாய் தன் மகளுக்காக மாற்றிச் சொல்கிறாள். சித்திராபதி சொன்ன பிறப்புக்கு எதிராக மாதவி ஒரு பிறப்பைச் சொல்கிறாள். அந்தச் சொல்லின் நிழலில்தான் மணிமேகலை வளர்கிறாள். ஆக, வளர்ப்பு தோற்கவில்லை. கோவலன் இறந்ததும் மாதவி வாழ்ந்த வாழ்க்கைதான் அந்த வளர்ப்பு.

அதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் அடுத்த காதைக்குப் போங்கள். தாயும் மகளும் பூத்தொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கோவலனும் கண்ணகியும் பட்ட துன்பத்தைத் தாய் தோழியிடம் சொல்வது காதில் விழுந்து, மகளின் கண்ணீர் மாலைமேல் சொட்டி மாலையின் தூய்மை கெட்டுவிடுகிறது. மாதவி அவள் கண்ணைத் துடைத்து, நீயே போய்ப் புதுப்பூ பறித்து வா என்று அனுப்புகிறாள். ஒரு குணம் எப்படி உருவாகிறது என்பதை இதைவிடப் பக்கத்தில் போய்க் காட்ட முடியுமா?

இந்தக் காப்பியத்தில் முற்பிறவியும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. இளவரசன் உதயகுமரன்மேல் அவள் மனம் போவதற்குக் காரணம், போன பிறவியில் அவன் அவள் கணவன் இராகுலன் என்பது. அதுவும் மணிபல்லவத் தீவில் அவளுக்குத் தெரியவருகிற ஒரு சேதிதான்.

கர்ணன்? கவச குண்டலத்தோடு பிறந்தவன். அந்தக் கதை பிறப்பின் பக்கம் பேசவில்லையா?

மகாபாரதம் இரண்டு பக்கமும் பேசுகிறது, அதனால்தான் கர்ணன் இன்னும் நம்மைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறான். அந்தணன் என்று சொல்லிக்கொண்டு வித்தை கற்க வந்த கர்ணன் தொடையில் பரசுராமர் தலைவைத்துத் தூங்குகிறார். ஒரு வண்டு தொடையைத் துளைக்கிறது. குரு விழித்துவிடுவாரே என்று கர்ணன் அசையவில்லை. இரத்தம் பட்டு விழித்தவர், இந்த வலியை அந்தணன் தாங்கமாட்டான், நீ க்ஷத்திரியன், உண்மையைச் சொல் என்கிறார். இந்தக் காட்சி பிறப்பை நம்பச் சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு தேரோட்டி வீட்டில் வளர்ந்து, எங்கே போனாலும் இளக்காரம் வாங்கி, கற்றுக்கொள்ள எதையும் பொறுத்துக்கொள்ளப் பழகியவனும் அப்படித்தான் அசையாமல் இருப்பான். பொறுமையைப் பிறப்பின் அடையாளமாகப் படித்தது பரசுராமர்.

அரங்கேற்றத்தில் நடப்பதும் இதேதான். வில்லில் அர்ச்சுனனுக்கு ஈடுகொடுத்துவிட்டான் என்று தெரிந்த பிறகு குலம் கேட்கப்படுகிறது. துரியோதனன் அங்க நாட்டுக்கு முடிசூட்டுகிறான். வளர்த்த தகப்பன் அதிரதன் வேர்த்து விறுவிறுத்து, கோலை ஊன்றிக்கொண்டு வருகிறார். அபிஷேக நீர் காயாத தலையைக் கர்ணன் அவர் காலில் வைக்கிறான். பீமன் சொல்கிறான், நீ போய்ச் சவுக்கை எடு என்று.

பின்னால் கிருஷ்ணன் தனியே கூப்பிட்டு, நீ குந்தியின் மூத்த மகன், வா, அரசாளு என்று சொல்லும்போது கர்ணன் தரும் பதில்தான் வளர்ப்பைப் பற்றி எழுதப்பட்டவற்றில் எனக்குத் தெரிந்து ஆகச் சிறந்தது. என்னைத் தூக்கிய அன்றே என்மேல் வைத்த பாசத்தால் ராதைக்குப் பால் சுரந்தது, என் மலமூத்திரத்தை அவள் எடுத்தாள், அவளுக்குச் செய்ய வேண்டிய கடனை நான் எப்படி விடுவேன் என்கிறான். ராதையைப் பற்றிச் சொல்லும் அந்த இடத்தில் வீரம், கொடை, புகழ் எதையும் அவன் பேசவில்லை, பாலையும் மலமூத்திரத்தையும்தான் பேசுகிறான். நம்மூர் கூத்தில் கர்ண மோட்சம் ஆடும்போது பொன்னுருவி அவன் பிறப்பைச் சொல்லி இகழ்கிற இடத்தில் ஊரே உறைந்துபோய் உட்கார்ந்திருக்கும். அந்த இகழ்ச்சியைத் தன் வீட்டிலும் தெருவிலும் கேட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

“தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்கிறோம். “தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்றும் சொல்கிறோம். எது சரி?

பழமொழி அந்தந்த நேரத்துக்கு எடுப்பது. மாப்பிள்ளை பார்க்கும்போது முதலாவது, பேரனைக் கண்டிக்கும்போது இரண்டாவது.

நூல்களிலும் இந்தப் பிளவு உண்டு. கற்ற நூலின் அளவுக்குத்தான் அறிவு என்று சொல்லும் மூதுரைப் பாட்டே, “குலத்தளவே ஆகும் குணம்” என்று முடிகிறது. இதை நான் ஏற்கவில்லை. நம் ஊரில் பிறவிக் குணம் என்று பேச ஆரம்பித்தால் சாதி கூடவே வந்து உட்கார்ந்துவிடும். கதை எழுதுகிறவர் அது தெரியாத மாதிரி எழுத முடியாது. குறள் நுட்பமாகப் போகிறது: “மனத்தானாம் மாந்தர்க் குணர்ச்சி இனத்தானாம் இன்னான் எனப்படுஞ் சொல்.” சிற்றினம் சேராமை அதிகாரம், இனம் என்பது இங்கே சேர்க்கை. உணர்வு மனத்திலிருந்து வரும், ‘இவன் இப்படிப்பட்டவன்’ என்கிற பேச்சு சேர்க்கையிலிருந்து வரும். ஒருவன் எப்படிப்பட்டவன் என்பதையும் அவனை ஊர் எப்படிச் சொல்கிறது என்பதையும் வள்ளுவர் பிரித்துவைத்திருக்கிறார். ஒரு நாவல் எழுத இந்த இடைவெளி போதும்.

இரண்டு குழந்தைகளைத் தொட்டிலில் மாற்றிவிட்டால்? அதுதானே சரியான சோதனை?

மார்க் ட்வைன் அதைத்தான் 1894இல் ‘புடன்ஹெட் வில்சன்’ நாவலில் செய்தார். அமெரிக்காவின் மிசௌரியில், அடிமை முறை இருந்த காலம். ராக்ஸி பார்க்க வெள்ளைக்காரி, ஆனால் பதினாறில் ஒரு பங்கு கறுப்பினத்தவள், அதனால் அடிமை. தன் குழந்தையை என்றாவது அடிமைகளுக்குக் கொடுமை இன்னும் அதிகமான தெற்கே விற்றுவிடுவார்கள் என்ற பயத்தில், குழந்தையோடு ஆற்றில் விழத் துணிகிறாள். சாகும்போது பிள்ளை நன்றாக இருக்கட்டுமே என்று எஜமானின் குழந்தையுடைய நீண்ட வெள்ளைச் சட்டையை அதற்குப் போட்டுப் பார்க்கிறாள். இரண்டும் ஒரே அச்சு. அந்தச் சட்டையோடு அவள் பிள்ளை எஜமானாகிவிடுகிறது.

செல்லத்தில் வளர்ந்த அவள் மகன் கொடியவனாகிறான். சூதாடுகிறான், பெற்றவளையே ஏமாற்றித் தெற்கே விற்கிறான், கொலையும் செய்கிறான். அடிமையாக வளர்ந்த உண்மையான வாரிசு, கடைசியில் சொத்து கைக்கு வந்தபோது எழுதப் படிக்கத் தெரியாமல் கூடத்தில் நிற்கக் கூசுகிறான். சமையலறையில்தான் அவனுக்கு மூச்சு வருகிறது. இரண்டு பேரையும் வளர்ப்புதான் செய்திருக்கிறது. ஆனால் மகன் ஒரு சண்டைக்குப் பயந்து ஒதுங்கியபோது, ராக்ஸியே அவன் உடம்பில் ஓடும் கறுப்பு ரத்தத்தின்மேல் பழியைப் போடுகிறாள். சட்டையை மாற்றிய கை அவளுடையது. அவளே பிறப்பை நம்புகிறாள் என்பதுதான் இந்த நாவலில் மிகக் கொடுமையான இடம்.

குழந்தைகளை மாற்றியது கைரேகையால் வெளிப்படுகிறது. ட்வைன் கைரேகை பற்றித் தெரிந்துகொண்டது ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் 1892இல் எழுதிய நூலிலிருந்து. இயல்பா, வளர்ப்பா என்ற ஜோடியை 1874இல் ஆராய்ச்சிச் சொல்லாகப் பரப்பியவரும் இதே கால்ட்டன்தான், மனித இனத்தைப் ‘பொறுக்கி வளர்க்க’ வேண்டும் என்ற கொள்கைக்குப் பெயர் வைத்தவரும் அவரே. ரேகையில் இன அடையாளம் இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடினார், கிடைக்கவில்லை.

அறிவியல் என்ன சொல்கிறது?

ஐம்பது ஆண்டு இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. மனிதர்களுக்குள் தெரியும் வேறுபாடுகளில் சராசரியாக 49 சதவீதம் மரபணுவோடு தொடர்புடையது என்றது. இது ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. உங்கள் கதாநாயகியின் கோபத்தில் பாதி அம்மாவுடையது என்று இதற்குப் பொருள் கிடையாது. ஆகவே பிறவி என்று ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கதை ஒரே ஓர் ஆளைப் பற்றியது, அங்கே இந்தச் சதவீதம் உதவாது.

பிறப்பின் சேதி நல்லது செய்கிற கதை ஏதாவது உண்டா?

உண்டு, தாகூரின் ‘கோரா’. கோரா வங்காளத்து அந்தண இளைஞன், ஆசாரம் என்றால் உயிர். வீட்டில் வேலை செய்யும் லச்சுமியா கிறிஸ்தவப் பெண் என்பதால், அவளை வைத்திருக்கும் தாய் ஆனந்தமயியின் அறையில் சாப்பிடவே மறுப்பான். தகப்பனார் நோயில் விழுந்து, இனிப் பிழைக்கமாட்டோம் என்று எண்ணி உண்மையைச் சொல்கிறார். 1857 கலகத்தின்போது அடைக்கலம் தேடி வந்த ஐரிஷ்காரி ஒருத்தி பெற்றுவிட்டு இறந்த குழந்தை அவன். சாதி, குலம், கோத்திரம் எதுவும் அவனுக்கு இல்லை.

இந்தச் சேதியைக் கேட்டு அவன் ஐரிஷ்காரனாகிவிடவில்லை. அவனைக் கட்டிவைத்திருந்த கயிறு அறுந்துபோகிறது, அவ்வளவுதான். நேரே தாயிடம் வந்து, லச்சுமியாவைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள் அம்மா என்கிறான். ஆனந்தமயிக்கு அவன் பிறப்பு முதல் நாளிலிருந்தே தெரியும். அவனை மடியில் எடுத்த அன்றே அவள் ஆசாரத்தை விட்டுவிட்டாள். இத்தனை ஆண்டு அந்தச் சேதியை அவள் சொல்லாமல் வைத்திருந்தாள்.

சினிமாவில் இரட்டை வேடம் இதே கேள்விதானா?

பெரும்பாலும். 1965இல் வந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் ஒரே முகம், இரண்டு வளர்ப்பு. சவுக்கடியில் வளர்ந்தவன் நடுங்குகிறான், வெளியே வளர்ந்தவன் அதே சவுக்கைப் பிடுங்கி அடித்தவன்மேல் வீசுகிறான். திரையரங்கில் எழுந்த கைதட்டல் எந்தப் பக்கத்துக்கு என்று சொல்லத் தேவையில்லை.

வில்லனுக்குச் சின்ன வயதில் ஒரு துயரம் வைத்துவிட்டால் போதுமா?

போதாது. அது கணக்குப் பாடம் மாதிரி ஆகிவிடும். எமிலி பிராண்டியின் 1847ஆம் ஆண்டு நாவலான ‘வுதரிங் ஹைட்ஸி’ல் ஹீத்கிளிஃப் லிவர்பூல் தெருவிலிருந்து எடுத்து வரப்பட்ட அநாதை. எடுத்தவர் இறந்ததும் அவர் மகன் இவனை வேலைக்காரனாக்கி மிதிக்கிறான். பெரியவனானதும் ஹீத்கிளிஃப், மிதித்தவனின் மகன் ஹேர்ட்டனை அதே மாதிரி படிக்கவிடாமல் வளர்க்கிறான். ஒரே காற்று அடித்தால் இந்த மரமும் அப்படியே கோணுகிறதா பார்க்கலாம் என்று சொல்லியே செய்கிறான். மரம் கோணவில்லை. ஹீத்கிளிஃப் செத்தபோது அவனுக்காக அழுதவன் ஹேர்ட்டன் ஒருவன்தான். ஏன் என்று நாவல் விளக்கவில்லை. உங்கள் கதையிலும் ஒரே அடி வாங்கி வேறு மாதிரி ஆன இன்னொருவரை வைத்துப் பாருங்கள், வில்லன் உடனே மனிதனாகிவிடுவான்.

ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பி எப்படி வேறு வேறாக இருக்க முடியும்?

அது ஒரே வீடு இல்லை. அண்ணனுக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பாவுக்கு வேலை இல்லை, ரேஷன் கடை வரிசையில் அவன்தான் நின்றான். எடை குறைகிறதா என்று தராசு முள்ளைப் பார்த்துப் பழகினான். தம்பிக்குப் பத்து வயதானபோது அப்பா ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டார். இருவருக்கும் கிடைத்த அப்பா வேறு வேறு. நாற்பது வயதில் சொத்துப் பிரிக்கும்போது அண்ணன் ஒவ்வொரு சதுர அடியையும் அளக்கிறான் என்றால், தம்பி மனைவி அதைப் பிறவிக் கஞ்சத்தனம் என்பாள். அவளுக்கு அந்த வரிசை தெரியாது.

எழுத உட்காரும்போது எதிலிருந்து தொடங்குவது?

கையிலிருந்து. அந்த ஆளின் கை எதைத் தானாகச் செய்கிறது என்று முதலில் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருந்தார். எட்டுப் பேர் இருந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டே வளர்ந்தவர், மணமான பின்னும் அப்படித்தான். முதுமையில் மகன் வீட்டில் பகலெல்லாம் தனியாக இருப்பார். குக்கரில் அவர் ஒருத்திக்கு மட்டும்தான் சோறு. அப்போதும் மேலாகக் கரண்டி போடமாட்டார். ஓரமாகச் சரித்து, அடியில் கொஞ்சம் குழைந்துபோனதை வழித்துத் தட்டில் போட்டுக்கொள்வார். மேலே இருக்கிற உதிரிச் சோறு அப்படியே இருக்கும்.